நம்ம கூட்டமைப்புக்கு ரேடியோ எதுக்கு?

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கூட்டமைப்பின் பொருளாளர் ஆற்றிய உரை)



பொருளாளர் மைக்கைப் பிடித்தால் கணக்கு வாசிக்கப் போகிறாள் என்று டீ குடிக்கக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் உட்காருங்க. கணக்கு இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கு. இன்று என்னைப் பேசச் சொன்னது ரேடியோவைப் பற்றி. போன பொதுக்குழுவில் கடைசி வரிசையிலிருந்து ஒரு சகோதரி எழுந்து கேட்டாங்க: "கடன் கேட்டா ஆறு மாசம் இழுக்குறீங்க, யாரும் பேசாத ஒயர்லெஸ்ஸை மட்டும் மாடியில வச்சுப் பூட்டி வச்சிருக்கீங்களே, அதை வித்தா என்ன?" நியாயமான கேள்வி. அன்று நேரமில்லாமல் பதில் சொல்லவில்லை. இன்று சொல்றேன்.

முதலில் 2018. கஜா புயல் நவம்பர் 16-ந் தேதி நள்ளிரவு தாண்டி நம்ம வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் கதை சொல்லத் தேவையில்லை. தென்னை போச்சு, ஓடு போச்சு, லட்சக்கணக்கில் மின்கம்பம் சாய்ந்தது, செல்போன் டவர் செத்துப் போச்சு. என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்றேன்.

என் தங்கச்சியைப் புஷ்பவனத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அப்போது அவள் நிறைமாதம். கடல் சேறு ஊருக்குள்ளே வந்துவிட்டது என்று காலையில் ஒருவர் சொன்னார். மத்தியானம் இன்னொருவர் வந்து, அந்தத் தெருவே இடிஞ்சு போச்சு, கர்ப்பிணிப் பொண்ணு ஒண்ணு உள்ளே மாட்டிக்கிச்சாம் என்றார். அவர் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொன்னதைச் சொன்னார். ரோட்டில் மரம் கிடக்கு, போக வழியில்லை, போனில் கோடு கூட இல்லை. உயிரோடு இருக்கிற மகளுக்கு என் அம்மா இரண்டு நாள் மாரடித்து அழுதாங்க. மூன்றாம் நாள் மாப்பிள்ளை சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடக் கட்டிடத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கு, இரண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றார். அம்மா அவரைக் கட்டிப் பிடிக்கவில்லை. "ஏன்டா இப்ப வந்தே" என்று அடித்தாங்க. அதற்கப்புறம் என் அம்மாவுக்கு வந்த படபடப்பு இன்னும் போகவில்லை. எந்தக் கணக்கிலும் அந்த நஷ்டம் வராது.

புயல் நிவாரணம் எல்லாம் முடிந்து கூட்டமைப்புக் கூட்டம் போட்டபோது இதைத்தான் பேசினோம். அரிசி வந்தது, தார்ப்பாய் வந்தது. செய்தி மட்டும் வரவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு, கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் பெரியவர் என்றே சொல்றேன். அவர்தான் ஹாம் ரேடியோ என்ற வார்த்தையை முதலில் சொன்னவர். டவர் வேண்டாம், கம்பெனி வேண்டாம், சிம் வேண்டாம். இந்தப் பக்கம் ஒரு செட்டு, அந்தப் பக்கம் ஒரு செட்டு, நடுவில் காற்று. காசுக்காக இல்லாமல், கற்றுக்கொள்ளவும் ஆபத்தில் உதவவும் மக்கள் வைத்துக்கொள்ள அரசாங்கம் அனுமதி கொடுக்கிற ரேடியோ.

அவர் சொன்ன ஒரு விஷயம் எங்களைப் பிடித்து உட்கார வைத்தது. 2004 டிசம்பரில் டெல்லியிலிருந்து பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹாம் நண்பர்களோடு அந்தமான் போயிருந்தாங்க. அங்கிருந்து ஹாம் ரேடியோவில் பேச அனுமதி கிடைப்பது அபூர்வம். போர்ட் பிளேரிலிருந்து உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாங்க. 26-ந் தேதி சுனாமி வந்தது. நம்ம நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போன அதே சுனாமி. தீவில் டெலிபோன் அறுந்தது. அந்தம்மா விளையாட்டாகப் பேசுவதை அப்படியே நிறுத்திவிட்டு, அதே செட்டில் அவசரச் செய்திகளை அனுப்ப ஆரம்பிச்சாங்க. யார் உயிரோடு இருக்காங்க, யாரைக் காணோம் என்று கேட்டுத் தவித்த குடும்பங்களுக்கு அந்த வழியாகத் தகவல் போய்ச் சேர்ந்தது. ஒரு பெண்ணால் முடிந்திருக்கு. "நமக்கு என்ன, நாமளும் மைக்கில் பேசினவங்கதானே" என்று எங்கள் செயலாளர் அக்கா சொன்னாங்க. கை தட்டினோம்.

கை தட்டிய சூட்டில் ஒரு தப்பும் பண்ணினோம். அதையும் சொல்லணும். ஒரு உறுப்பினரின் மகன் இன்டர்நெட்டில் இரண்டு வாக்கிடாக்கி வரவழைத்தான். நாங்களும் தெருவுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு "ஹலோ ஹலோ" என்று பேசிச் சிரித்தோம். பெரியவர் பார்த்துவிட்டு முகம் சிவந்துவிட்டார். உரிமம் இல்லாமல் இதைத் தொட்டாலே குற்றம், நீங்கள் பேசுகிற அலைவரிசையில் போலீஸோ துறைமுகமோ இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். மறுநாளே திருப்பி அனுப்பினோம். எழுநூறு ரூபாய் நஷ்டம். அதை நானும் செயலாளரும் எங்கள் கையிலிருந்து போட்டோம், கூட்டமைப்புக் கணக்கில் எழுதவில்லை. இப்போதும் யாராவது "ஆன்லைன்ல மலிவா கிடைக்குதே" என்று சொன்னால், தயவுசெய்து வாங்காதீங்க.

சரி, முறைப்படி என்றால் என்ன? ஆளுக்கு ஒரு உரிமம் வேண்டும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு நடத்துகிறது. 12 வயது ஆனால் எழுதலாம். மேல் வயது வரம்பு இல்லை. கீழ் நிலை உரிமத்துக்கு ரேடியோ எப்படி வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்ற இரண்டு பகுதி மட்டும். மேல் நிலைக்கு மோர்ஸ் தந்தியும் தெரியணும், நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை. தேர்வுக் கட்டணம் நூறு ரூபாய். உரிமத்துக்கு 20 வருஷத்துக்கு ஆயிரம், ஆயுளுக்கும் என்றால் இரண்டாயிரம். கேட்கச் சுலபம். கேள்வித்தாள் ஆங்கிலம். அதுதான் எங்களுக்குக் கடலாகத் தெரிந்தது.

பதினான்கு பேர் படிக்க உட்கார்ந்தோம். உப்பளத்து வேலை முடிந்து வந்தவர்கள், எட்டாவது படித்தவர்கள், என்னைப் போல் தையல் மிஷினை மூடிவிட்டு வந்தவர்கள். பெரியவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பாடம் எடுத்தார். மின்தடையைத் தண்ணீர்க் குழாயின் அகலம் என்றார், மின்னழுத்தத்தை மேல்தொட்டியின் உயரம் என்றார். ஆங்கில வார்த்தையைத் தமிழில் எழுதி எழுதி மனப்பாடம் செய்தோம். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்குப் பெயர் சொல்லும் முறையை உப்பு வாரும்போது சொல்லிப் பழகினதாக ஒரு அக்கா சொன்னாங்க. மேஸ்திரி அவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தாராம். நடுவில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. கடைசியில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியது ஆறு பேர், தேறியது நான்கு பேர். நான் முதல் தடவை தேறவில்லை. சட்டப் பகுதியில் போனது. இரண்டாம் தடவை எழுதினேன். பொருளாளர் சட்டத்தில் பெயில் என்று இன்னும் கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும். நான்கு பேரில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண், எங்கள் உறுப்பினரின் மகள். எங்களில் மோர்ஸ் கற்றுக்கொள்வதும் அவள் ஒருத்திதான்.

தேறினவுடன் உரிமம் கையில் வந்துவிடாது. விசாரணை உண்டு, மாதக்கணக்கில் ஆகும். வந்தபோது ஆளுக்கு ஒரு அழைப்புக்குறி இருந்தது. வி.யூ. 3 என்று தொடங்குவது எங்களைப் போன்ற கீழ் நிலைக்காரர்களுடையது. பெரியவருடையது வி.யூ. 2. ரேஷன் கார்டில் கூட வீட்டுக்காரர் பெயரோடு சேர்ந்துதான் என் பெயர் இருக்கு. இந்தக் குறி உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான்.

இனி ஏன் பொது நிலையம் என்பதற்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு பெரிய செட்டு வாங்க யாருக்கும் வக்கில்லை. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒருத்தி வீட்டில் செட்டு இருந்தால் அது அவள் வீட்டுச் செட்டு. அவள் மகள் கல்யாணத்துக்குப் போனால் பூட்டு. அவள் மாமியாருக்குப் பிடிக்காவிட்டால் பூட்டு. அதனால் கூட்டமைப்பின் பெயரிலேயே கிளப் நிலையத்துக்கு விண்ணப்பித்தோம். நம்ம கூட்டமைப்பு 1975-ம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானது, அந்தச் சான்றிதழ் இங்கே உதவியது. கிளப்புக்குத் தனி உரிமம், தனி அழைப்புக்குறி, உரிமம் பெற்ற ஒரு பொறுப்பாளர். பெரியவர் பொறுப்பாளராக இருக்கச் சம்மதித்தார்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கடைசி வரிசைச் சகோதரியின் உண்மையான கேள்வி. சேமிப்பிலோ, சுழல்நிதியிலோ, கடனுக்கு வைத்த பணத்திலோ ஒரு ரூபாய் கூடத் தொடவில்லை. அது உங்கள் பணம், அதில் கை வைக்க எனக்கு உரிமையில்லை. உணவுத் திருவிழாவில் நாம் போட்ட கடையின் லாபம், விரும்பிக் கொடுத்தவர்களின் நன்கொடை, பெரியவர் சும்மா கொடுத்த பழைய செட்டு ஒன்று. இவ்வளவுதான். ரசீது நோட்டு மேஜையில் இருக்கு.

புயல் பாதுகாப்புக் கட்டிடத்தின் மாடியில் இடம் கேட்டு அனுமதி வாங்கினோம். நம்ம ஊரில் மேடு கிடையாது, சமதரை. இந்த 145 மெகா ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகும். தொடுவானம் தாண்டினால் பூமி மறைத்துவிடும். அதனால் செட்டின் பலத்தைவிட ஆன்டெனாவின் உயரம்தான் பேசும். கையில் பிடிக்கும் 5 வாட் செட்டு இரண்டுக்கு நடுவில் தோப்பு இருந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டரில் குரல் கரகரக்கும். அதே அலையை 12 மீட்டர் உயரத்திலிருந்து இன்னொரு 12 மீட்டருக்கு அனுப்பினால் 20 கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கிறது. மாடிமேல் ஒரு இரும்புக் குழாய் நட்டு அந்த உயரத்தை எடுத்தோம்.

அந்த ஆன்டெனாவை நாங்களே செய்தோம். ஒரு பித்தளைக் கம்பி நிமிர்ந்து, நான்கு கம்பி கீழே சாய்ந்து, அவ்வளவுதான். நீளம் 49 சென்டிமீட்டர். என் இன்ச் டேப்பில் பத்தொன்பதே கால் இஞ்ச். ரவிக்கைக் கைக்கு அளவெடுத்த டேப்பில் ஆன்டெனா அளந்தவள் நானாகத்தான் இருப்பேன். தூரத்து ஊருக்கு, சென்னை, மதுரைக்கு எல்லாம் பேச வேறு ஆன்டெனா. அது வெறும் செம்பு ஒயர், இந்தப் பக்கம் 10 மீட்டர், அந்தப் பக்கம் 10 மீட்டர், நடுவில் கேபிள். கஜாவில் விழாத ஒரு தென்னையில் ஒரு முனையைக் கட்டியிருக்கோம். இது 7 மெகா ஹெர்ட்ஸ். அந்த அலை மேலே போய் வானத்தில் முட்டி இறங்கும், பகலில் தமிழ்நாடு முழுக்கக் கேட்கும். இதைப் பெரியவர்தான் இயக்குவார், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்போம்.

முதல் ஆன்டெனா எட்டு மாதத்தில் செத்தது. நாங்கள் செட்டில் கோளாறு என்று நினைத்து, அதைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் வரை போனோம். செட்டில் ஒன்றுமில்லை. மாடியில் கேபிள் சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. உப்புக் காற்று. வாழ்நாளெல்லாம் உப்பில் நிற்கிற நமக்கு அது தோணவில்லை பாருங்க! உப்பளத்து மோட்டாருக்குச் சுற்றுகிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றச் சொன்னது அந்த ஆல்ஃபா பிராவோ அக்காதான். அதற்கப்புறம் கேபிளில் தண்ணீர் இறங்கவில்லை. இடி இடித்தால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடணும், அது முதல் பாடம்.

அடுத்தது பேட்டரி விவகாரம். பலருக்குத் தெரியும், ஆனால் யாரும் மேடையில் பேசமாட்டாங்க. நிலையம் கரண்டை நம்பி இல்லை. ஒரு பெரிய 12 வோல்ட் பேட்டரி, மாடியில் சோலார் தகடு. போன ஆடியில் கோயில் விழாவுக்கு ஒலிபெருக்கிக்கு வேண்டும் என்று அந்தப் பேட்டரியை ஒருவர் எடுத்துப் போனார். சாமி காரியம், மறுக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது முழுக்க இறங்கிக் கிடந்தது. அந்த வாரம் காற்றழுத்தம் வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? அதிலிருந்து சாவி இரண்டு, இரண்டு வெவ்வேறு குழுவில். இரண்டு பேரும் வந்தால்தான் அறை திறக்கும். எடுத்தது, வைத்தது எல்லாம் நோட்டில். சிலருக்கு என்மேல் கோபம். இருக்கட்டும். கடன் நோட்டில் கையெழுத்து வாங்குகிற மாதிரிதான் இதுவும்.

"யாரும் பேசாத ஒயர்லெஸ்" என்று கேட்டீங்க. அதில் கொஞ்சம் உண்மை இருக்கு. இதில் மீன் விலை பேச முடியாது, உப்பு லாரி எப்ப வரும் என்று கேட்க முடியாது, நம்ம ஊறுகாய் விளம்பரம் கூடாது. வியாபாரம் பேசினால் உரிமம் போகும். ரகசியமாகவும் பேச முடியாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அரசியல் பேசக் கூடாது. இயற்கைச் சீற்றத்தில் மற்ற தொடர்பெல்லாம் அறுந்தபோது, அதிகாரிகள் கேட்டால் பிறருடைய செய்தியைக் கொண்டு சேர்க்கலாம். மற்ற நாளில் நாங்கள் பேசிப் பழகுவது மட்டும்தான். உரிமம் இல்லாதவர் மைக்கைத் தொடக் கூடாது என்பது நம்ம நிலையத்தின் விதி, தலைவிக்கும் அதே விதி.

பழகுவது என்றால் என்ன? பொத்தானை அமுக்கி ஒரு விநாடி கழித்துப் பேசணும், இல்லாவிட்டால் முதல் வார்த்தை வெட்டுப்படும். "வரவில்லை" என்பதில் தலை வெட்டுப்பட்டு வேறு ஏதோ கேட்டால் எவ்வளவு அனர்த்தம்! செய்தியை முதலில் எழுதணும், யாரிடமிருந்து, யாருக்கு, மணி என்ன. வாசிக்கணும். எதிர்ப்பக்கம் திருப்பிச் சொல்லணும். சரி என்ற பிறகுதான் முடிந்தது. யாரோ சொன்னாங்க என்பது செய்தியில்லை. நான் பார்த்தேன் என்றால் அப்படி எழுது, கேள்விப்பட்டேன் என்றால் அப்படி எழுது. இதைத்தான் வாரம் ஒரு தடவை செய்றோம். பார்க்கிறவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும்.

2024 நவம்பர் கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? பிறகு ஃபெங்கல் என்று பெயர் வைத்து 30-ந் தேதி புதுச்சேரிப் பக்கம் கரையேறினதே, அது வருவதற்கு முன் நம்ம கரையை ஒட்டிப் போனபோது கொட்டிய மழை. இரண்டாம் ராத்திரி கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போனும் போனது. பதினோரு மணிக்குக் கீழத்தெருவில் ஒரே சத்தம். ஆற்றுக்கரை உடைஞ்சு போச்சாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிழவிகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இருட்டில் இடுப்பு வரை தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைத் தாண்டி ரோட்டுக்கு வரக் கிளம்பிட்டாங்க. என் தங்கச்சி கதைதான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

நிலையத்தில் அன்று நானும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அம்மாவும் முறை. கரையோர ஊரில் நம்ம உரிமக்காரி ஒருத்தி கையில் செட்டு இருந்தது. கூப்பிட்டேன். இரண்டாம் தடவை வந்தாள். கரை உடைந்ததா என்று கேட்டேன். "தெரியாது அக்கா, கேள்விப்பட்டேன், இருங்க, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு போனாள். பன்னிரண்டு நிமிஷம். நோட்டில் மணி இருக்கு. "நேரில் பார்த்தேன். கரை உடையவில்லை. தண்ணீர் கரைக்கு இரண்டடி கீழே இருக்கு. ஓவர்." நான் திருப்பிச் சொன்னேன். அவள் சரி என்றாள். அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, எங்களோடு இருந்த பையனிடம் கொடுத்து ஓடச் சொன்னேன். வாய்க்கால் ஓரத்தில் நின்று அவன் வாசித்தான். பாதிப் பேர் நம்பவில்லை. யார் பார்த்தது என்று கேட்டாங்க. பெயர் சொன்னதும் நின்னாங்க. கிழவிகள் வாய்க்காலில் இறங்கவில்லை. அதன்பின் விடியும்வரை மணிக்கு ஒரு தடவை அவள் கரையைப் பார்த்துச் சொன்னாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றினோம் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. அதிகாரிகளுக்கு ஒரு செய்தியும் அன்று போகவில்லை, தேவைப்படவில்லை. பேப்பரிலும் வரவில்லை. செட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரித்தேன் சகோதரி, நிஜமாகவே விசாரித்தேன். பாதி விலை கூட வராது. விற்பதா வேண்டாமா என்பது உங்கள் தீர்மானம். நான் விற்க வேண்டாம் என்று கை தூக்குவேன். நீங்கள் ஒரு வாரம் ராத்திரி முறைக்கு வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கை தூக்குங்க.

சில வேலைகள் பாக்கி இருக்கு. பெரியவருக்கு வயது எழுபத்தெட்டு. அவருக்குப் பிறகு மேல் நிலை உரிமத்தோடு பொறுப்பேற்க நம்மில் ஒருத்தி வேண்டும், அதற்கு மோர்ஸ் வேண்டும். அந்தப் பெண் நிமிஷத்துக்கு ஐந்து வார்த்தை வரை வந்திருக்கிறாள். அவளைக் கல்யாணம் என்று அவசரப்பட்டு வேறு ஊருக்கு அனுப்பிவிடாதீங்க என்று அவள் அம்மாவிடம் எல்லார் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆதார் நகலோடு செயலாளர் அக்காவைப் பாருங்க. பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அனுப்பலாம். ஞாயிறு மூன்று மணிக்குப் பாடம், பயிற்சி நோட்டு இலவசம்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் முறை இந்த மாதம் கீழத்தெருக் குழுவுடையது. பாட்டில் பீரோவுக்குப் பின்னால் இருக்கு. கோடு வரைக்கும் மட்டும் ஊற்றுங்க, போன தடவை வழிந்து தரையெல்லாம் ஆசிட்.